குட்டிக்குப் பால் மறக்கடிப்பது: மூன்று மாதக் கணக்கு மட்டும் போதாது

போன மாதம் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் தம்பி ஒருவர் போன் எடுத்தார். "அண்ணா, குட்டிகளுக்கு மூன்று மாதம் முடிந்தது, தாயிடமிருந்து பிரித்துவிட்டேன், இன்றைக்கு ஐந்தாம் நாள், ஒன்றும் வாய் வைக்கவில்லை, கத்திக் கத்திக் குரலும் போய்விட்டது, இரண்டு குட்டி கழிகிறது" என்றார். பிரிக்க முன்னம் குட்டிக்குத் தனியாக என்ன தீன் போட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் போடவில்லை, தாயோடு சேர்ந்து மேய்ந்ததுதான் என்றார். பிழை அங்கேதான். பால் மறக்கடிக்கும் வேலையைக் குட்டி பிறந்த இரண்டாம் கிழமையே தொடங்கிவிட வேண்டும், மூன்றாம் மாதம் நாம் செய்வது அதன் கடைசிப் பகுதி.

அந்தத் தம்பிக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் தம்பலகாமத்தில் 22 மறியாடு, அதாவது பெட்டையாடு, வைத்திருக்கிறேன். எல்லாம் இறைச்சிக்கு, ஒன்றிலும் பால் கறப்பதில்லை. பாதி நாட்டாடு, மிச்சம் ஜமுனாபாரிக் கலப்பு. பாலுக்கு ஆடு வளர்ப்பவர்கள் குட்டியைச் சில நாளிலேயே பிரித்துப் போத்தலில் பால் கொடுப்பார்கள், அவர்களுக்குப் பால் காசு. நமக்கு அப்படி இல்லை. தாயின் பால்தான் நமக்குக் கிடைக்கிற மிக மலிவான தீன், அது குட்டியின் உடம்பில் இறைச்சியாக ஏறட்டும் என்றுதான் விடுகிறோம். ஆகவே இரண்டு மாதத்திலேயே பிரிக்க அவசரப்பட வேண்டியதில்லை.

அதற்காகப் பிரிக்காமலே விட்டுவிடுவதும் சரியில்லை. எங்கள் பக்கம் பலர் அப்படித்தான் விடுகிறார்கள், தாய் தானே உதைத்துத் தள்ளிவிடும் என்று. தள்ளும்தான், ஆனால் அதற்குள் மூன்று நட்டம் வந்துவிடுகிறது. ஒன்று, தாயின் பால் குட்டி போட்ட மூன்று நாலு கிழமையில் உச்சத்துக்குப் போய், மூன்றாம் மாதம் வரும்போது நன்றாகக் குறைந்துவிடும். வளர்ந்த குட்டி இல்லாத பாலுக்காக மடியை முட்டி முட்டிக் காம்பைப் புண்ணாக்கும், தாய் எலும்பும் தோலுமாகிவிடும். இரண்டு, அப்படி மெலிந்த தாய் கிடாய்க்கு நேரத்துக்கு வராது. ஆட்டின் சினைக்காலம் 150 நாள், அதாவது ஐந்து மாதம். மூன்றாம் மாதம் பிரித்து, நாலாம் மாதத் தொடக்கத்திலேயே சினைப்பட்டால்தான் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்றை ஒட்டி எடுக்கலாம். மூன்றாவது, கிடாய்க்குட்டிகள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் பட்ட அடி பெரிது.

வயிறு தயாரா?

ஆட்டுக்கு வயிறு நாலு அறை என்பது தெரிந்ததுதான். ஆனால் பிறந்த குட்டிக்கு வேலை செய்வது நாலாவது அறை மட்டும். குட்டி பால் உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு வாய்க்கால் மாதிரி மூடிக்கொண்டு, பாலை நேரே அந்த நாலாவது அறைக்கு அனுப்பிவிடும். இரை சேர்ந்து புளிக்கிற பெரிய வயிறு அப்போது சுருங்கிய பை மாதிரிக் கிடக்கும். பால் எவ்வளவு குடித்தாலும் அது வளராது. இலை, புல், தானியம் உள்ளே போய், அங்கே கிருமிகள் குடியேறி, புளித்து வருகிற அமிலம்தான் அந்த வயிற்றின் உட்சுவரை வளர்க்கிறது. தானியம் உட்சுவரை வளர்க்கும், குழையும் புல்லும் பையை விரித்துத் தசையைப் பலமாக்கும். இரண்டும் வேண்டும். ஒழுங்காகத் தீன் தின்று வருகிற குட்டிக்கு எட்டாம் கிழமை அளவில் அந்த வயிறு ஓரளவு வேலைக்கு வந்துவிடும். தீன் தின்னாத குட்டிக்கு மூன்று மாதமானாலும் வயிறு பிந்தித்தான் இருக்கும். மூதூர்த் தம்பியின் குட்டிகளுக்கு வயது வந்துவிட்டது, வயிறு வரவில்லை.

அப்போ எதைப் பார்த்துப் பிரிப்பது? நான் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். வயது 90 நாளை ஒட்டி இருக்க வேண்டும். நிறை, பிறந்த நிறையைப் போல் நாலு மடங்காவது வந்திருக்க வேண்டும். இரண்டரை மடங்கு போதும் என்றும் சொல்வார்கள், அது மலிவாகப் பாலை நிறுத்த நினைக்கும் பாலாட்டுப் பண்ணைக்குச் சரி, நமக்கு அது மிகச் சின்னக் குட்டி. என் பட்டியில் ஜமுனாபாரிக் கலப்புக் குட்டி இரண்டரைக் கிலோ அளவில் பிறக்கும், அது 10 கிலோ வரும்வரை பொறுப்பேன். நாட்டுக்குட்டி ஒன்றரைக் கிலோதான் பிறக்கும், அதற்கு ஆறு ஆறரை வந்தால் போதும். மூன்றாவது, மற்ற இரண்டையும் விட நான் பெரிதாக எடுப்பது: குட்டி தன் பாட்டில் ஒரு நாளைக்கு 100 கிராம் அளவு தீன் தின்று, குழையும் கடித்து, மத்தியானம் படுத்து இரை மீட்க வேண்டும். படுத்திருக்கும் குட்டியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், தாடை அசையும். இரை மீட்காத குட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.

நிறுப்பதற்குப் பெரிய சாமான் தேவையில்லை. மீன்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசு, ஒரு உரப்பை. பையில் நாலு கால் போகிற மாதிரி நாலு ஓட்டை வெட்டி, குட்டியை உள்ளே விட்டு, மரக்கொப்பில் தராசைத் தொங்கவிட்டால் முடிந்தது. பிறந்த அன்று ஒரு தரம், பிறகு மாதம் ஒரு தரம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கண் மதிப்பு ஏமாற்றும், வயிறு ஊதிய குட்டி கொழுத்த குட்டி மாதிரித் தெரியும், தூக்கிப் பார்த்தால் காற்று.

மாரியைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

இந்தியாவில் எழுதியதையும் வெள்ளைக்காரர் எழுதியதையும் வாசித்துவிட்டு அப்படியே இங்கே செய்தால் பிழைக்கிற இடம் இதுதான். திருகோணமலையில் நமக்குப் பெருமழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. அந்த நேரம் வயலெல்லாம் பெரும்போகப் பயிர், ஆட்டை அவிழ்த்துவிட முடியாது. மகாவலி பெருகினால் மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் தாழ்ந்த நிலங்களில் தண்ணீர் நிற்கும். கொட்டில் ஈரம், புல் ஈரம், கொசு, சளி, குடற்புழு எல்லாம் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் பாலையும் பறித்தால் குட்டி எங்கே தாங்கும்? நான் ஒரு வருடம் நவம்பர் கடைசியில் ஒன்பது குட்டி பிரித்தேன். நாலு செத்தது. அதற்குப் பிறகு நடு மாரியில் பால் மறக்கடிப்பதை நிறுத்திவிட்டேன்.

முடிந்தவரை ஓகஸ்ட் மாதம் கிடாய் விடுகிறேன். ஜனவரி நடுவில் குட்டி விழும், மழை குறைந்துவிடும், காடு முழுக்கத் தளிர். பெப்ரவரி, மார்ச் அறுவடை முடிந்த வயலில் தாய்கள் மேய்ந்து நல்ல பால் கொடுக்கும். ஏப்ரலில் குட்டி பிரிக்கலாம், நிலம் காய்ந்திருக்கும், வெயில் இன்னும் முழுதாக ஏறியிருக்காது. ஜூனில் கச்சான் காற்று வீசிப் புல்லெல்லாம் கருகும்போது குட்டி குழையும் தீனும் தின்று தன் காலில் நிற்கும்.

இரண்டு வருடத்துக்கு மூன்று ஈற்று எடுத்தால் எல்லாக் குட்டியும் ஜனவரியில் விழாது, அடுத்தது செப்டம்பர், அதற்கடுத்தது மே என்று சுற்றும். மேயில் பிறந்தது ஓகஸ்டில் பிரிபடும், அதற்குக் குழை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், மற்றப்படி சிக்கல் இல்லை. செப்டம்பர்க் குட்டிதான் தலையிடி, மூன்று மாதம் டிசம்பரில் முடிகிறது. அவற்றை நான் ஜனவரி கடைசி வரை தாயோடு விடுகிறேன். தாய் கொஞ்சம் மெலியும், அடுத்த ஈற்று ஒரு மாதம் பிந்தும், பரவாயில்லை. செத்த குட்டியை விட பிந்திய ஈற்று மேல். கிடாய்க்குட்டியை மட்டும் மழையென்றாலும் அந்த நேரத்துக்குப் பிரித்தே ஆக வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கிண்ணியாவில் எனக்கு வழக்கமாக ஆடு எடுக்கும் நானா ஒருவர் இருக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு (பலிக்கு) ஆடு உரிய வயது நிரம்பியிருக்க வேண்டும் (ஒரு வயது போதும் என்பவர்களும் உண்டு, இரண்டு வேண்டும் என்பவர்களும் உண்டு), நோயும் ஊனமும் இருக்கக் கூடாது. பெருநாள் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும், 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. ஜனவரியில் பிறந்த கிடாய் அடுத்த வருடப் பெருநாளுக்கு ஒரு வயதைத் தாண்டி நல்ல எடையில் நிற்கும். பிரிக்கும் நேரம் பின்தங்கிய குட்டி அந்த எடையை எட்டாது, ஒரு கிழமையில் இழந்த உடம்பைத் திருப்பி எடுக்க ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும்.

குட்டிக்கு மட்டும் ஒரு வழி

இரண்டாம் கிழமை குட்டி எதையாவது மோந்து கடிக்கத் தொடங்கும். அப்போதே கொட்டிலின் ஒரு மூலையைச் சிலாகையால் மறித்து, குட்டி புகக்கூடிய, தாய் புகமுடியாத இடைவெளி விடுங்கள். என் ஆடுகளுக்கு 5 அங்குலம் சரியாக இருந்தது. நாட்டாட்டில் சில மறிகள் ஒல்லி, அதற்குள்ளும் நுழைந்துவிடும், அப்படியென்றால் ஒரு சிலாகையைக் கிட்ட நெருக்குங்கள். குட்டி வளர வளர அகட்ட வேண்டியிருக்கும், ஆகவே ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டுவது நல்லது. உள்ளே வெளிச்சம் இருக்க வேண்டும், இருட்டு மூலைக்குக் குட்டி போகாது. தாய்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது.

தீன் முதலில் ஒரு பிடி மட்டும். மிஞ்சியதை அடுத்த நாள் காலை எடுத்துத் தாய்க்குக் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். குட்டி நாற்றத்துக்கு மிகவும் மூக்கு வைக்கும், எச்சில் பட்ட பழைய தீனைத் தொடாது. நான் கலக்கும் 10 கிலோ: உடைத்த சோளம் மூன்றரைக் கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு மூன்று கிலோ, அரிசித்தவிடு இரண்டு கிலோ, சோயாப் புண்ணாக்கு ஒன்று முந்நூறு, மிச்ச 200 கிராம் கனியுப்புக் கலவையும் கறியுப்பும். புரதம் 17, 18 சதவீதம் வரும், இந்த வயதுக்கு அது போதும். புண்ணாக்கை மோந்து பாருங்கள், காறல் மணமோ பூஞ்சணமோ இருந்தால் அதைக் குட்டிக்குப் போட வேண்டாம், மாரிக்காலத்தில் பை அடியில் பூத்துவிடும்.

குழையில் நமக்குக் கிளிசிறிடியாவை அடிக்க ஒன்றும் இல்லை, வேலியெல்லாம் நிற்கிறது, கோடையிலும் துளிர்க்கும், புரதம் 20 சதவீதத்துக்கு மேல். மணத்துக்காகக் குட்டி முதலில் முகத்தைத் திருப்பும், வெட்டி ஒரு பாதி நாள் வாடவிட்டுக் கட்டினால் பழகிவிடும். பூவரசு, முருங்கை, பலா, ஆல் எல்லாம் கொடுக்கலாம். இப்பில் இப்பில் மரத்தின் குழை நல்ல தீன், ஆனால் அதையே நம்பிப் போடக் கூடாது, மொத்தக் குழையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால் மயிர் உதிரும், வளர்ச்சி நிற்கும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போட வேண்டவே வேண்டாம், நஞ்சு, நன்றாக வாட்டி உலர்த்தித்தான் போட வேண்டும். குழையை நிலத்தில் போடாமல் குட்டியின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடு அண்ணாந்து தின்னப் பிறந்தது, நிலத்தில் கிடந்து புழுக்கை பட்ட குழை வழியாகத்தான் பாதி வியாதி வருகிறது.

தண்ணீர். தாழ்ந்த சட்டியில், தினமும் கழுவி. பால் குடிக்கும் குட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் பெரிய வயிறு புளிக்காது.

பிரிப்பதற்கு இரண்டு கிழமை முன்னம்

நலமடிப்பது (காயடிப்பது), காது குத்தி இலக்கம் போடுவது, பூச்சி மருந்து (குடற்புழு மருந்து), ஊசி என்று செய்ய இருக்கும் எல்லாவற்றையும் இரண்டு மூன்று கிழமை முன்னமே முடித்துவிடுங்கள். பிரிக்கும் கிழமையில் ஒன்றும் வேண்டாம். பால் போகிற கவலை ஒன்றே குட்டிக்குப் போதும்.

பூச்சி மருந்து கொடுக்க முன் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் நல்லது, வெளிறி வெள்ளையாக இருந்தால் இரத்தம் குடிக்கிற வயிற்றுப் புழு இருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. எல்லாவற்றுக்கும் மாதா மாதம் கண்மூடி மருந்து பருக்கினால் புழு மருந்துக்குப் பழகிவிடும், பிறகு உண்மையாகத் தேவைப்படும்போது வேலை செய்யாது. அளவை நிறையைப் பார்த்துக் கொடுங்கள், குறைத்துக் கொடுப்பதும் புழுவைப் பழக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்று உங்கள் பிரதேச மிருக வைத்தியரிடம் கேளுங்கள், கொஞ்சம் புழுக்கையைக் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் சரியாகச் சொல்வார்.

ஊசி பற்றியும் அவரிடமே கேளுங்கள், முக்கியமாகத் தீன் கூடித் திடீரெனச் சாகும் குடல்நச்சு நோய்க்கும் ஏற்புவலிக்கும். தாய் ஊசி போடாதது என்றால் குட்டிக்கு இரண்டு தரம் போட வேண்டியிருக்கும், நடுவில் மூன்று நாலு கிழமை விட வேண்டும். அதனால்தான் முன்னமே போகச் சொல்கிறேன்.

தாய்க்கும் வேலை உண்டு. பிரிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது தாய்க்குப் போடும் தவிடு புண்ணாக்கை நிறுத்தி, வெறும் புல்லும் வைக்கோலும் மட்டும் கொடுங்கள், பால் தானாக இறங்கும். பால் வற்றட்டும் என்று தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள் சிலர். நம் வெயிலில் அதைச் செய்யாதீர்கள்.

பிரிக்கும் நாள்

காய்ந்த நாளாகப் பார்த்து, காலையில். குட்டி இருக்கும் கொட்டிலிலேயே இருக்கட்டும், தாயைத்தான் மாற்ற வேண்டும். தீன் எங்கே, தண்ணீர் எங்கே, படுக்கிற இடம் எது என்று குட்டிக்குத் தெரிந்த இடம் அது. பெரும்பாலானவர்கள் குட்டியைத் தூக்கிப் புது இடத்தில் அடைக்கிறார்கள், அதனால் தாயும் போய் வீடும் போய்விடுகிறது.

தாய்களை எவ்வளவு தூரம் கொண்டுபோவது? முன்பெல்லாம் சத்தமே கேட்காத தூரத்துக்குக் கொண்டுபோவேன், குட்டி வேலியெல்லாம் முட்டித் திரியும். இப்போது பக்கத்திலேயே, நடுவில் ஒரு வேலி மட்டும் வைத்து விடுகிறேன். பார்க்கலாம், மோக்கலாம், குடிக்க முடியாது. கத்தல் குறைவு, தின்பதும் சீக்கிரம் தொடங்குகிறது. ஆனால் வேலிக்கண் சின்னதாக இருக்க வேண்டும். முதல் தரம் நான் அகலக் கண் வலை அடித்திருந்தேன், நாலு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு மறி வேலியோடு உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்க, இரண்டு குட்டியும் கண்ணுக்குள் வாயை விட்டு நன்றாகக் குடித்துக்கொண்டு நிற்கின்றன. கீழே இரண்டடி உயரத்துக்குக் கிடுகு கட்டிய பிறகுதான் சரிவந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு தாய்களைத் தூரக் கொண்டுபோகலாம்.

ஒரு குட்டியைத் தனியே பிரிக்காதீர்கள். ஐந்து, ஆறு என்று ஒரே வயதில் சேர்த்துப் பிரியுங்கள். அதில் நிறை காணாதது, நோஞ்சான், பிந்திப் பிறந்தது இருந்தால் அதை இன்னும் இரண்டு மூன்று கிழமை தாயோடு விட்டு அடுத்த கூட்டத்தோடு சேர்க்கலாம். என் பட்டியில் ஈற்று ஓய்ந்த கிழட்டு மறி ஒன்று இருக்கிறது, அதைக் குட்டிகளோடு விடுவேன். அது தீனுக்குப் போகும், குட்டியும் பின்னால் போகும். அது தண்ணீர் குடிக்கும், குட்டியும் வாய் வைக்கும். நரி, நாய் வந்தாலும் முதலில் தும்மிக் காலைத் தட்டுவது அதுதான். தாய் இல்லாத குட்டிக்கு இரவில் பயம் கூட, கொட்டிலை இறுக்கமாக அடைத்து வையுங்கள், வெங்கிணாந்திப் பாம்புக்குக் குட்டி ஒரு வாய்.

காம்பில் சாணி பூசுவது, வேப்பெண்ணெய் பூசுவது, குட்டியின் மூக்கில் முள்ளுக் கட்டுவது எல்லாம் ஊரில் உள்ள பழக்கம். சாணியைக் காம்பில் பூசினால் மடிவீக்கத்தைக் கூப்பிட்டு உள்ளே விடுகிற மாதிரி. முள் தாயின் மடியைக் கிழிக்கும். பிரிக்க இடமே இல்லையென்றால் துணியில் மடிக்கு ஒரு பை தைத்துக் கட்டுங்கள், தினமும் அவிழ்த்துப் பாருங்கள், நனைந்தால் மாற்றுங்கள்.

முதல் பத்து நாள்

இரண்டு மூன்று நாள் கத்தும். நாலாம் நாள் அடங்கும். அக்கம்பக்கத்தில் முதலே சொல்லி வைத்துவிடுங்கள். தீனைக் கூட்டாதீர்கள். பால் இல்லையே, பாவம் என்று தவிட்டை அள்ளிப் போடும் கைதான் குட்டியைக் கொல்லும். முன்பு தின்ற அதே தீன், அதே அளவு, அதே நேரம், ஒரு கிழமைக்கு. குழையை வேண்டிய மட்டும் போடுங்கள். பிறகு மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் 25 கிராம் அளவில் கூட்டி, 200 கிராம் வரை கொண்டுபோகலாம். திடீரென்று தானியம் கூடினால் வயிறு புளித்துப் போகும், குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சு விடும், இரவு நன்றாகத் தின்ற குட்டி காலையில் காலை நீட்டிக் கிடக்கும். அப்படிச் சாவது எப்போதும் கூட்டத்தில் நன்றாக வளர்ந்த பேராசைக்காரக் குட்டிதான், நோஞ்சான் இல்லை.

காலையில் பனிப்புல்லில் விட வேண்டாம். புழுவின் குஞ்சுகள் ஈரத்தில் புல்லின் அடியில், நிலத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் நிற்கும். ஈரம் காய்ந்த பிறகு, பற்றைக் காடு இருக்கும் பக்கமாக விடுங்கள்.

கழிச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் குட்டியைப் பறிகொடுக்கிறார்கள். பிரித்து ஒன்றிரண்டு கிழமையில் குட்டி கருமையாக, சளியோடு, சில நேரம் இரத்தத்தோடு கழிந்து, முதுகைக் கூனி முக்கினால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் நோய். அது புழு இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. பூச்சி மருந்து அதற்குக் கேட்காது. பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் குட்டி போய்விடும். உடனே மிருக வைத்தியரிடம் போங்கள், அதற்கு வேறு மருந்து இருக்கிறது. அதுவரை கழியும் குட்டியைத் தனியாக வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். வராமல் தடுக்கப் பரண் கொட்டில்தான் வழி, புழுக்கை கீழே விழ வேண்டும், தீன் தட்டில் மிதிபடக் கூடாது. ஒரு குட்டிக்கு நாலைந்து சதுர அடி இடம் விடுங்கள், நெருக்கினால் கட்டாயம் வரும்.

தாய்களின் மடியை முதல் மூன்று நாள் தடவிப் பாருங்கள். இறுகி நிற்கும், அது சரி. அந்த இறுக்கம்தான் உடம்புக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிறது, ஆகவே பாவம் பார்த்துக் கறக்காதீர்கள், கறந்தால் திரும்பச் சுரக்கும். ஒரு பக்கம் மட்டும் சூடாக, கல் மாதிரி இருந்தால், பால் திரிந்து வந்தால், தாய் தீன் எடுக்காமல் நின்றால் அது மடிவீக்கம், வைத்தியம் வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு கிழமையில் மடி வற்றிவிடும், அதன் பிறகு தீனைத் திரும்பக் கூட்டுங்கள், முதுகெலும்பு மூடியதும் கிடாய் விடலாம்.

கிடாய்க்குட்டி

மூன்று மாதத்துக்கு மேல் தாயோடும் தங்கையோடும் விடாதீர்கள். இந்தச் சின்னதுக்கு என்ன தெரியும் என்று நானும் நினைத்தேன். நாலு மாதக் கிடாய்க்குட்டி சினைப்படுத்தும். ஐந்து மாத மறிக்குட்டி ஒன்று எனக்குத் தெரியாமல் கூடப்பிறந்த கிடாயிடமே சினைப்பட்டு, பத்து மாதத்தில் குட்டி போட முடியாமல் இரவு முழுக்க முக்கி, விடியற்காலை என் மடியிலேயே செத்துப்போனது. இன்றைக்கும் அந்த மூலையைப் பார்த்தால் மனது சங்கடப்படும். மழையோ வெயிலோ, 90 நாளில் கிடாயும் மறியும் வேறு வேறு கொட்டில்.

கிடாய்களுக்குத் தவிடு கவனம். இது நெல் ஊர், தவிடு மலிவு, அதையே வயிறு நிறையப் போடுகிறோம். தவிட்டில் பொசுபரசு மிகக் கூட, கல்சியம் குறைவு. அதனால் சிறுநீரில் கல் கட்டி ஆண் குட்டிக்கு அடைத்துவிடும், அதிலும் சின்ன வயதில் நலமடித்ததற்கு வழி ஒடுக்கம் என்பதால் இன்னும் ஆபத்து. வாலை ஆட்டி ஆட்டி முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனால் அன்றே வைத்தியரிடம் ஓடுங்கள். தடுக்க, தீனில் தவிட்டை ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்து, கிளிசிறிடியா கூடப் போட்டு (அதில் கல்சியம் உண்டு), உப்புச் சேர்த்து, தண்ணீரை நிறையக் குடிக்க வையுங்கள்.

மழை முடிகிற நேரம் வளர்ந்த குட்டியோ ஆடோ பின்னங்கால் தள்ளாடி இடுப்பு விழுந்தால் அது பால் மறக்கடித்ததால் வந்ததில்லை. மாட்டில் இருக்கும் ஒரு புழுவின் குஞ்சைக் கொசு கொண்டுவந்து ஆட்டுக்கு ஏற்ற, அது முதுகுத்தண்டுக்குள் போய்விடுகிறது. மாட்டுக்கொட்டிலை ஒட்டி ஆடு கட்டாதீர்கள், அந்திக்குப் புகை போடுங்கள், தள்ளாட்டம் கண்ட அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிரித்த குட்டிகளை இரண்டு கிழமையில் திரும்ப நிறுங்கள். முதல் சில நாளில் கொஞ்சம் இறங்குவது வழமை, இரண்டு கிழமையில் பழைய நிறை வந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஒன்றரை இரண்டு கிலோ ஏறியிருந்தால் நல்லாய்ப் போகிறது. ஏறாத குட்டியின் இமையைப் பாருங்கள், பிறகு தீன் தட்டில் அதைப் பெரியது முட்டித் தள்ளுகிறதா என்று பாருங்கள். கொப்பியில் தாயின் பெயருக்கு நேரே எழுதுங்கள். இரண்டு குட்டி போட்டு இரண்டையும் 90 நாளில் நல்ல நிறையில் தந்த மறிதான் பட்டிக்குப் பொன், அதன் மறிக்குட்டியை விற்காதீர்கள்.

மூதூர்த் தம்பிக்கு அன்று சொன்னது இதுதான்: கழியும் இரண்டையும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள், தின்னாத மற்றக் குட்டிகளை, தாயின் மடி நல்லாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பத் தாயோடு விடுங்கள், பக்கத்தில் சிலாகை மறைப்புக் கட்டித் தீன் பழக்குங்கள், ஒரு மாதம் போகட்டும். ஒரு தாய் மட்டும் குட்டியைக் கிட்ட எடுக்கவில்லை, மற்றவை எடுத்தன. கழிந்த இரண்டில் ஒன்று தப்பியது. நேற்றுத்தான் படம் அனுப்பினார், மறைப்புக்குள் ஏழு குட்டி தலையை விட்டுத் தின்கின்றன. நிறுத்தீர்களா என்று கேட்டேன். தராசு நாளைக்கு வருகிறது என்றார்.